அவசரப் பச்சை

ஒரு தனியார் ரத்த வங்கிக்குத் தென்னரசு எழுதிக் கொடுத்த மென்பொருளில் முதலில் ஒரு சக்கரம் சுற்றும். திண்டிவனம் கிளையில் வேலை பார்க்கும் இருதயமேரி ஒரு ரத்தப் பாட்டிலுக்குப் பதிவு போட்டால், விழுப்புரத்திலிருக்கும் சர்வர் சரியென்று சொல்லும்வரை சுற்றும். பிறகுதான் ‘ஒதுக்கியாச்சு’ என்று பச்சை எழுத்து வரும். எதிரே நோயாளி வீட்டார் நின்று கத்தும்போது அந்தக் காத்திருப்பு மேரிக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

“இது சுத்தி முடியறதுக்குள்ள நான் மயிலத்துக்கே போய்ட்டு வந்துடுவேன் தம்பி. ஜல்தியா வர்ற மாதிரி பண்ணுங்க” என்று போனில் கேலி செய்தாள்.

கேலி அவனுக்குச் சுருக்கென்றது. பொத்தானை அழுத்தியதுமே பச்சை வரும்படி மாற்றிவிட்டான். சர்வர் மறுத்தால் பின்னால் ஓரத்தில் சிவப்பாக ஒரு வரி வரும். இன்டர்நெட் லைன் அறுந்தால் அந்த வரியும் வராது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. எப்போதாவது நடப்பதுதானே என்று விட்டுவிட்டான். வேலை தெரிந்தவனுக்கு மட்டுமே வருகிற சோம்பேறித்தனம் இது.

ஐப்பசி மழையில் லைன் அறுந்த நாளில்தான் மேரியின் தங்கை ஆரோக்கியசெல்விக்குப் பிரசவம். கிடைக்காத வகை ரத்தம். விழுப்புரத்தில் ஒரே பாட்டில் இருந்தது. மேரி பதிவு போட்டாள், பச்சை வந்தது. பாண்டிச்சேரிக்கு ரத்தம் தேடிக் கிளம்பிய செல்வியின் கணவனை, “வந்துக்கினு இருக்கு, நீங்க அலைய வேணாம்” என்று நிறுத்திவிட்டாள். பதிவு விழுப்புரம் போய்ச் சேரவேயில்லை. பாட்டிலை அங்கே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். குழந்தை பிழைத்தது, செல்வி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து மேரி வேலைக்குத் திரும்பியதும், சக்கரத்தைப் பழையபடி வைத்த மென்பொருளை எடுத்துக்கொண்டு தென்னரசு திண்டிவனம் போனான்.

“நான்தான் எதையோ மாத்தி அழுத்திட்டேன் போல தம்பி. பச்சையப் பார்த்தேன்னு சொன்னா யாரும் நம்பல. வீட்ல எங்கிட்ட பேசறதில்ல.”

வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“நீங்க சரியாதான் அழுத்தினீங்கக்கா. பதில் வர்றதுக்கு முன்னாடியே பச்சை காட்டற மாதிரி நான்தான் வெச்சேன். வீட்ல வந்து நானே சொல்றேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புதிதாகப் போட்டதில் ஒரு சோதனைப் பதிவைப் போட்டாள். சக்கரம் சுற்றியது.

“அன்னிக்கும் இது சுத்திக்கினே இருந்திருந்தா, அவரப் பாண்டிக்கு அனுப்பியிருப்பேன் இல்ல?”

“ஆமாங்கக்கா.”

“நான்தானே தம்பி ஜல்தியா வேணும்னு கேட்டேன்.”

திரையில் பச்சை வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.