சனிக்கிழமைப் பதிப்பு

ஜெப ஷீலா போன் வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகினாள். மணி இரண்டு நாற்பது. அடுத்த கூடத்தில், தம்பி ஆலன் பெட்டிக்குள் கிடந்தான். அம்மா ஞானப்பூ அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா ஷீலா, போன் செத்துப்போச்சா?” தாவீதுராஜ் சித்தப்பா அறை வாசலில் வந்து நின்றார். “மல்லாங்கிணத்துச் சொந்தக்காரங்களுக்குச் சொல்லணுமே.”

“நாப்பது நிமிசம் பொறுங்க சித்தப்பா. தம்பி வேல ஒண்ணு கெடக்கு.”

“அவனே போயிட்டான். இன்னும் என்னத்தா வேல?”

சித்தப்பாவுக்கு அதைப் புரியவைக்க ஒரு ஆள் இனிமேல்தான் பிறந்து வரணும். ஆலன் பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துவான். சாயங்காலமானால் இந்த அறைதான். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதிய ஒரு கப்பல் சண்டை விளையாட்டு. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டே பதினாறு பேர் ஒரே கடலில் மோதலாம். அதன் புரோகிராமை ஒளித்து வைக்காமல் ஊருக்கே கொடுத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். வருகிற திருத்தங்களில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று பார்த்து, ஓட்டிச் சோதித்து, எண் போட்டுப் புதுப் பதிப்பாக வெளியிடுவது ஆலனின் பொறுப்பு. சல்லிக்காசு சம்பளம் கிடையாது. இத்தனைக்கும் அந்தப் பயல் ராமேஸ்வரம் கடலைக்கூடப் பார்த்ததில்லை.

இந்தத் தடவை 0.9.4. பழைய பதிப்பு வைத்திருப்பவனும் புதுப் பதிப்பு வைத்திருப்பவனும் சேர்ந்து விளையாட முடியாது. அதனால் சனிக்கிழமை நம்மூர் நேரம் ஐந்தரைக்கு எல்லா இடத்திலும் பழையதை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் புதியது இன்டர்நெட்டில் ஏறாவிட்டால் நானூறு பேருக்கு விளையாட்டே இல்லை. புதன்கிழமை எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டி, நாளையும் நேரத்தையும் நானூறு பேருக்கும் எழுதிவிட்டுத்தான் ஆலன் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இருதய வால்வு சரியில்லை.

“நான் வர முடியலன்னா நீ ஏத்திரு அக்கா. தாள்ல எழுதி வச்சிருக்கேன்” என்று வியாழக்கிழமை சொன்னான். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டான். இருபத்தாறு வயது. அநியாயம்.

தாளில் ஏழு வரி இருந்தது. ஏழையும் ஷீலா அப்படியே செய்தாள். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள், பார்த்துச் செய்வது அவளுக்குக் கஷ்டமில்லை. ஆனால் தாளில் இல்லாத ஒன்றையும் செய்தாள். ஃபைலைப் பிரித்து, என்னென்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலுக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தாள். இதைத் தயாரித்த ஆலன் வெள்ளிக்கிழமை காலமானார், ஊர் அருப்புக்கோட்டை. திரும்பக் கட்டி, அதைத்தான் ஏற்றினாள். சும்மா அனுப்ப மனசு கேட்கவில்லை.

மூன்று இருபதுக்கு முழுசும் ஏறிவிட்டது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் போலந்துக்காரர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது.

“ஆலன், எண் ஒத்துவரவில்லை. யாரோ ஃபைலில் கை வைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியானதை அனுப்பு.”

ஷீலா தான் சேர்த்த வரியைப் பார்த்தாள். ஒவ்வொரு பதிப்பையும் கட்டி முடித்ததும் கம்ப்யூட்டர் அதற்கு முப்பத்திரண்டு எழுத்தில் ஒரு சரிபார்ப்பு எண் தரும். உள்ளே ஒரு புள்ளி கூடினாலும் எண் மாறிவிடும். புதன்கிழமையே அந்த எண்ணை எல்லோருக்கும் அனுப்பிவிட்டான் ஆலன். எண் மாறிவிட்டது, நம்புங்கள் என்று இப்போது அவன் பேரில் எழுதலாம்தான். ஆனால் அப்படி ஒரு மெயில் வந்தால் நம்பவே கூடாது என்று போன வருசம் எல்லோருக்கும் எழுதியவனும் அவன்தானே!

ஆலன் கட்டிய ஃபைல் பத்திரமாக இருந்தது. அதை ஏற்ற இன்னொரு நாற்பது நிமிடம். நாலு மணிக்கு ஜெபம். அது முடிந்து கல்லறைக்குப் போய்த் திரும்ப ஆறாகிவிடும். அதோடு, நாலு மணிக்கு மஸ்கட்டிலிருந்து பிரின்ஸ் அண்ணன் போன் போடுவான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ரிசீவரைப் பெட்டிப் பக்கம் வையுங்கள், ஜெபத்தையாவது கேட்கிறேன் என்று காலையில் அழுதான். அவன் பேசியது ஆபீஸ் போனில். அந்த நம்பர் இங்கே யாருக்கும் தெரியாது.

ஷீலா கூடத்துக்குப் போய் அம்மா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் ஒரு கூறுகெட்ட வேல பாத்துட்டேன்.”

எல்லாவற்றையும் மெதுவான குரலில் சொன்னாள். “இப்ப ஏத்துனா அண்ணனுக்கு லைன் கெடைக்காது. ஏத்தலன்னா தம்பி சொன்ன சொல்லு போயிரும்.”

ஞானப்பூ ஆலனின் நெற்றியில் உட்கார வந்த ஈயை விரட்டினாள்.

“அவன் கட்டுனது அப்பிடியே இருக்கா?”

“இருக்கும்மா.”

“அதுல இவன் செத்துப்போனது இல்லல்ல?”

“இல்ல.”

“அப்ப அதவே அனுப்பு.”

மூன்று முப்பத்தெட்டுக்கு ஷீலா மறுபடி ஏற்றத் தொடங்கினாள்.

நாலு மணிக்குப் போதகர் வந்தார். “பிரின்ஸ் போன் வரும்னாங்களே, கொஞ்சம் பாப்பமா?”

“நீங்க ஆரம்பிங்க ஐயா” என்றாள் ஞானப்பூ.

லைன் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. ஷீலா நாற்காலியை விட்டு எழவில்லை. கூடத்தில் பாட்டுச் சத்தம் எழும்பியது. பெண்கள் அழுதார்கள். கூடப்பிறந்தவனுக்கு ஜெபம் நடக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எண்பத்தொன்று சதவீதத்தில் ஓட்டம் நின்றது. “ஏலே, போயிராத” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எண்பத்திரண்டு வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலு பதினெட்டுக்கு முடிந்தது. போலந்துக்காரர் மூன்றே நிமிடத்தில் எழுதினார். “எண் சரி. இப்போது எல்லோரும் எடுக்கலாம். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே! நன்றி ஆலன்.”

வயரைப் போனில் திருப்பிச் செருகின கையோடு மணி அடித்தது. சித்தப்பாவும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்தார்கள். ஞானப்பூ எழுந்து வந்து ரிசீவரை வாங்கினாள். மறுமுனையில் பிரின்ஸ் கத்துவது ஷீலாவுக்கும் கேட்டது. இருபது நிமிசமா எங்கேஜ்டு, இன்னைக்குமா, என்னதான் நடக்குது அந்த வீட்டுல.

“கோவிச்சுக்காதய்யா” என்றாள் ஞானப்பூ. “உந்தம்பிக்கு இப்பத்தான் வேல முடிஞ்சுச்சு.”

அப்புறம், தூக்கப் போனவர்களைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.