மணலுக்குப் போன வண்டி

குமாரசாமி வேட்டியில் வந்து இறங்கியபோதே செங்கோடனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறவன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வரமாட்டான். எண்பத்திரண்டாம் வருடம், தை மாதப் பனி விலகாத காலை. நாமக்கல்லில் சேலம் ரோட்டுப் பெட்ரோல் பங்க் ஓரமாகத் தன் புல்லட்டோடு செங்கோடன் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். பின் சீட்டில் தார்ப்பாய் சுற்றிய படுக்கை. இருபுறமும் ஸ்பேனரும் டியூபும் அடைத்த தகரப் பெட்டிகள். ஒரு பையில் அவனும் குமாரசாமியும் சென்னிமலையுமாக மூன்று பேருக்கென்று அக்கா அங்கம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோறு.

"சென்னிமலை வல்லீங்கறான். மகளுக்குச் சீரு வெச்சிருக்குதாம்," என்றான் குமாரசாமி. "நானும் எப்படி வாரது? கோழியெல்லாம் சீக்கு வந்து கெடக்குது. பண்ணைய உட்டுப்போட்டு ஒரு மாசம் வர முடியுமா?"

சண்டை போட்டிருந்தால் குமாரசாமி கோழிகளைப் பற்றியே பேசிவிட்டுப் போயிருப்பான். செங்கோடன் சும்மா நின்றதுதான் உண்மையைப் பிடுங்கியது.

"மறைச்சு என்ன ஆவுது. நடுக்காட்டுல நீ உழுந்தீன்னா நாங்க உன்னையத் தூக்கறதா, வண்டியத் தூக்கறதா? அதாம் பயம். பேசாம ஊட்டுக்குப் போ செங்கோடா."

"செரி, நீ போ. கோழியப் பாரு," என்றான் செங்கோடன்.

ஆறு வருடங்களுக்கு முன் அவர்கள் மூவரும் பிரிந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் சேலம் போய், கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு, ஏற்காட்டு மலைமேல் யார் முதலில் ஏறுவது என்று பந்தயம் விடுவார்கள். பெரும்பாலும் செங்கோடன்தான் ஜெயிப்பான். அப்போதுதான் ராஜஸ்தான் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போய்வந்த ரிக் வண்டி டிரைவர் ஒருவர், கண்ணுக்கெட்டிய தூரம் மணலைத் தவிர ஒன்றுமே இல்லாத ஊரைப் பற்றிச் சொன்னார். ஒருமுறை அங்கே வண்டியிலேயே போய்வந்துவிட வேண்டும் என்று மூவரும் கையடித்துக்கொண்டார்கள். மறு வருடம், பட்டறையில் லாரிக்கு பாடி கட்டிக்கொண்டிருந்தபோது ஜாக்கி நழுவி, லாரியின் அடிச்சட்டமான சேஸ் செங்கோடன்மேல் இறங்கியது. வலது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இருவரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் வந்து அவனைக் கூப்பிடவில்லை. கல்யாணப் பேச்சும் அதோடு நின்றது. புருஷனை இழந்து வந்திருந்த அக்காவும் அவனுமாக வீடு சுருங்கிப்போயிற்று.

ராணுவத்தில் கழித்துப் போட்ட இரண்டு புல்லட்டுகளை ஏலத்தில் எடுத்தான். இரண்டிலிருந்தும் ஒன்றை உருவாக்க இரண்டு வருடம் பிடித்தது. புல்லட்டுக்குக் கியர் வலது காலில். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரி கம்பியை வளைத்து, டேங்க் ஓரமாகக் கையால் போடும் கியராக மாற்றினான். தகடு ஒட்டி டேங்கைப் பெரிதாக்கினான். ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாடு. ஸ்டாண்டில் ஏற்றி, வலப்பக்கம் இறங்கி நின்று, கட்டைக்காலில் பாரம் தாங்கி இடக்காலால் உதைக்க வேண்டும். முதல் நாள் அது பிடித்து ஓடத் தொடங்கியபோது பட்டறையில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவனே அணைத்தான். பிறகு குமாரசாமியையும் சென்னிமலையையும் தேடிப் போய்ப் பழைய பேச்சை நினைவுபடுத்தினான்; தையில் கிளம்பலாம் என்று இருவரும் தலையாட்டினார்கள்.

மணல் பார்க்கப் போகிறேன் என்று அக்காவிடம் அவனால் சொல்ல முடியவில்லை. "ஜெய்ப்பூர்ல புதுசாக் காலு வெக்கறாங்களாம், அதுக்குத்தான் போறேன்," என்றான். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அவன் பல வருடங்களாகப் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

புளிச்சோற்றை இரண்டு நாள் தின்றான். மூன்றாம் நாள் நுரைத்துப்போன மிச்சத்தைத் தார்வாருக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் கொட்டினான். பகலெல்லாம் ஓட்டுவதும், பொழுது சாய்ந்தால் லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடைகளில் கயிற்றுக் கட்டில் வாங்கிப் படுப்பதுமாகப் போயிற்று. கடைக்காரர்கள் காலைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள், ஏதோ கேட்டார்கள். பெல்காமுக்குப் பிறகு ஒரு சொல்கூட அவனுக்குப் புரியவில்லை. பூனாவுக்கு வந்தபோது, வாய் திறந்து பேசி நான்கு நாளாகியிருந்தது. சில சமயம் வண்டிச் சத்தத்துக்கு மேலாகத் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அகமதாபாத்தைத் தாண்டி ஓரிடத்தில் ரோடு பிரிந்தது. வலப்பக்கம் போனால் ஜெய்ப்பூர். வண்டியை நிறுத்தி, தகரப் பலகையைப் பார்த்தபடி ஒரு பீடி முழுக்க நின்றான். அக்காவின் முகம் வந்தது. அந்தப் பக்கம் போனால் திரும்பி வரும்போது நல்ல காலோடு வரலாம். எல்லோருக்கும் அந்தப் பயணம் புரியும். பீடியைப் போட்டு மிதித்துவிட்டு, மணல் இருந்த இடப்பக்கம் திருப்பினான்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், ஜெய்சல்மேருக்கும் அந்தப்புறம், தார் ரோடு தேய்ந்து மறைந்துபோனது. அதற்குமேல் மணல்தான். ஊர்ப்பக்கத்து எருமப்பட்டிக் காட்டில் கோடையில் கிடக்கும் வெறுமை அவனுக்குத் தெரியும். அதில்கூட ஒரு வேலா மரமாவது நிற்கும். இங்கே ஒன்றுமில்லை. வெயில்கூட விழுவதற்கு ஒரு பொருள் இல்லாமல் மணல்மேல் அலைந்தது. அவன் சிரித்தான். முதல் கியரில் நூறு அடி போயிருப்பான். முன் சக்கரம் புதைந்து, வண்டி மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. ஊன்றக் கால் இல்லாத பக்கம்.

வலி இல்லை. கட்டைக்கால் இன்ஜினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எவ்வளவோ இழுத்தும் வரவில்லை. கடைசியில் தோல் வார்களை அவிழ்த்து, காலை அங்கேயே விட்டுவிட்டு, தவழ்ந்து வெளியே வந்தான். குமாரசாமி சொன்னது சரியாகிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. தூக்கிப் பார்த்தான். ஒற்றைக் காலோடு மணலில் நிற்கவே முடியவில்லை. பெட்ரோல் ஒழுகும் வாசனை வந்தது. டேங்கின் பெட்ரோல் குழாயைத் திருகி மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டான். நிழலுக்கு வண்டி மட்டும்தான் இருந்தது.

இரண்டு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு ஒருவன் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவனுக்கும் செங்கோடன் வயதுதான் இருக்கும். வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடிவந்து மணலைத் தோண்டத் தொடங்கினான். யாரோ இன்னொருவன் உள்ளே சிக்கியிருக்கிறான் என்று நினைத்துவிட்டான். செங்கோடன் தன் பேண்ட்டைத் தூக்கிக் காட்டினான். அவன் கையில் மணலோடு அப்படியே நின்றான். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்து, வெகுநேரம் நிறுத்த முடியவில்லை.

ஒட்டகத்தில் கயிறு கட்டி வண்டியை நிமிர்த்தினார்கள். அவன் சுள்ளி மூட்டி, ஆட்டுப்பாலில் டீ போட்டுக் கொடுத்தான். முதல் மடக்கு உள்ளே போனதும் செங்கோடன் பேசத் தொடங்கினான். தமிழில்தான். ஏற்காட்டு வளைவுகளை, ஜாக்கி நழுவிய சத்தத்தை, ஆரஞ்சுப் பழத்தை, பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன ஆட்களை, கியர் கம்பியை வளைக்க ஆன பதினாறு நாளை, ஒன்று விடாமல் சொன்னான். "தொணைக்கு ஒருத்தன் கூப்புட்டிருந்தா நான் இவ்வளவு தொலவு வந்திருக்கவே மாட்டனுங்க," என்றான். ஒட்டகக்காரன் ஒரு வார்த்தையும் புரியாமல் கடைசிவரை கேட்டான். நடுநடுவே தலையசைத்தான். டம்ளர் காலியாகும்போதெல்லாம் நிரப்பினான். பொழுது மங்கியதும் எழுந்து, செங்கோடன் தோளை ஒருதரம் தட்டிவிட்டு, ஒட்டகங்களோடு மணல்மேட்டுக்கு அப்பால் இறங்கிப் போனான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அங்கம்மாள் வெளியே ஓடிவந்தாள். அவள் பார்வை நேராகக் காலுக்குத்தான் போனது. அதே பழைய கட்டை. வார் மட்டும் ஓரிடத்தில் பிய்ந்து, சணலால் கட்டியிருந்தது.

"ஏஞ்சாமி, அங்க காலு வெக்க மாட்டம்ன்னுட்டாங்களா?"

"நான் அங்க போவவேயில்லக்கா. மணலு பாக்கத்தான் போனேன். உன்றகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தான்.

"மணலா?" என்றாள் அவள். "அதுல என்ன இருந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். அந்த ஒட்டகக்காரனிடம் அவ்வளவு தாராளமாக வந்த சொற்களில் ஒன்றும் இப்போது வரவில்லை. உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடு," என்றான்.

சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் வாசலில் இறங்கி வண்டியிடம் போனாள். இரண்டு வருடமாக அதை அவள் தொட்டதே இல்லை. டேங்கின்மேல் கை வைத்தாள். சூடு சுரீரென்றிருக்க வேண்டும், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்தாள். பிறகு மறுபடியும் மெதுவாக வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை.