பெரியப்பா தயாரித்த பதில்

அந்த மருந்துக் கடைக்காரரைத் தெருவே 'அரை டாக்டர்' என்று கேலி செய்தது. அவரோ அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். சட்டப்படி அங்கே மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர், சுவரில் தொங்கிய சான்றிதழுக்கு உரிய மருந்தாளுநர். அவர் தம் படிப்பை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ வேறு வேலை பார்த்தார். இந்த மானக்கேட்டுக்கு இக்காலத்தில் 'ஏற்பாடு' என்று பெயர்.

தம்பி மகளை மருந்தியல் படிக்க வைத்துவிட்டால் வாடகைச் சான்றிதழை இறக்கிவிட்டு வீட்டுச் சான்றிதழையே மாட்டலாம் என்பது அரை டாக்டரின் திட்டம். தம்பி இறந்ததிலிருந்து அவளும் அவள் தாயும் கடைக்கு மேலே, மாடியறையில் அவருடைய சோற்றில் இருந்தனர். அதைச் சொல்லிக்காட்டாமல் அவருக்குப் பொழுது விடிந்ததில்லை. அவளுக்கும் அந்தப் படிப்பு வேண்டும். அந்த மாடியறையிலிருந்து தப்ப அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நேர்காணலும், அதில் தேறினால் அன்றே நடக்கும் மருந்தளவுக் கணக்குத் தேர்வும்தான் பாக்கி.

பயிற்சியை அரை டாக்டரே கடையில் நடத்தினார்.

"ஏ சோடாபுட்டி! நான்தான் தேர்வுக்குழு. டாக்டர் சீட்டு இல்லாம ஒருத்தர் தூக்க மாத்திரை கேட்டா என்ன பண்ணுவ?"

"தர மாட்டேன். டாக்டரப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுவேன்."

"சபாஷ்!"

அந்தச் சபாஷின் சூடு ஆறுமுன் ஒருவர் வந்து நின்றார். "அண்ணே, போன தடவ குடுத்த அதே தூக்க மாத்திரை. சீட்டக் காணோம்."

"சீட்டு எதுக்கு? உங்க மூஞ்சி போதாதா?" என்று பெரியப்பா மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார்.

"தேர்வுக்குழுவுக்கு நான் எத்தனை மார்க் போடட்டும் பெரியப்பா?"

"வாய்க்கொழுப்பு! உங்கப்பன் சேத்து வெச்ச சொத்து அது ஒண்ணுதான். கேளு, அனுபவம் உண்டான்னு கேப்பாங்க. 'ரெண்டு வருஷமா எங்க பெரியப்பா கடைல நானே தனியா மருந்து எடுத்துக் குடுக்குறேன்'னு நிமிந்து சொல்லு. 'தனியா'ங்கறத அழுத்திச் சொல்லு. மத்ததுங்க மாத்திரையப் புத்தகத்துல மட்டுந்தான் பாத்திருக்கும்."

மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுப்பது குற்றம் என்பதே பழக்கத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவளோ சுவரில் தொங்குவதைக் கடை நடத்துவதற்கான அனுமதி என்றே எண்ணியிருந்தாள்.

நேர்காணல் அறையில் மூவர் அமர்ந்திருந்தனர். அவள் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தியே சொன்னாள். நடுவில் இருந்த பேராசிரியை பேனாவை மேசைமேல் வைத்தார்.

"தனியாவா? மருந்தாளுநர் பக்கத்துல நிக்கலையா?"

"சான்றிதழ் மாட்டியிருக்கு மேடம்."

"சான்றிதழ் இறங்கி வந்து மாத்திரையச் சரிபாக்குமாம்மா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"சும்மா பெருமைக்குச் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடு."

ஆம் என்று தலையாட்டினால் பெரியப்பா தப்புவார். பொய்க்காரி என்ற பெயர் அவளுக்கு மிஞ்சும். இல்லையென்றால் கடை மாட்டும்.

"நெசந்தான் மேடம். தப்புன்னு இப்பத்தான் புரியுது. அந்தச் சான்றிதழ்காரர நான் பாத்ததே இல்ல."

"சந்தேகம் வந்தா யாரக் கேப்ப?"

"பெரியப்பாவ."

"அவர் என்ன படிச்சிருக்கார்?"

"தெருவுல அரை டாக்டர்னு சொல்லுவாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"வெளிய உக்காரு. கணக்குத் தேர்வுக்குக் கூப்பிட்டா போ. கடையப் பத்தி நாங்க தனியா விசாரிப்போம்."

நடைகூடத்தில் பெரியப்பா பல்லெல்லாம் தெரிய நின்றார். "நம்ம பதிலச் சொன்னியா? அசந்துட்டாங்களா?"

"அசந்துட்டாங்க. பக்கத்துல யார் நின்னாங்கன்னு கேட்டாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ?"

"யாரும் நிக்கலைன்னேன்."

"அடிப்பாவி! என் சோத்தத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா? ஒரு பொய் சொல்லத் துப்பில்லையா உனக்கு?"

பிள்ளைகளோடு காத்திருந்த பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தனர்.

"வார்த்தைக்கு வார்த்தை நீங்க சொல்லிக்குடுத்ததுதான் பெரியப்பா."

"எந்திரி. படிச்சுக் கிழிச்சது போதும். எனக்கு ஆகாத படிப்பு உனக்கும் வேணாம்."

அப்போது அலுவலக உதவியாளர் கதவைத் திறந்தார். "கண்ணாடி போட்ட பொண்ணே, கணக்குத் தேர்வு. பேனா எடுத்துட்டு வா."

பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். "உள்ள கால் வெச்ச, இன்னிக்கே உங்க ரெண்டு பேரு மூட்டையும் நடுத்தெருவுல கிடக்கும்."

தாயின் முகம் அவள் கண்முன் வந்தது. அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். வழி விடுங்க."

அவர் அசையவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.