முப்பது ஆம்பியர்

உடுமலைப்பேட்டையில் மேட்னி ஷோ தொடங்கிக் கால் மணி நேரத்தில் முதல் விசில் வந்தது. பிறகு, "ஆபரேட்டரு, லைட்டப் போடுய்யா" என்று பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு குரல். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இல்யாஸுக்குக் காது வரை சூடேறியது. ஓடிக்கொண்டிருந்தது அவன் ஒளிப்பதிவு செய்த மூன்றாவது படம். ஓடியது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். கரியைக் கரைத்துப் பூசியதுபோல் ஒரு திரை, அதற்குள் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

அந்தக் காட்சிக்காகப் பவானியில் ஒரு ஜமக்காள நெசவாளர் வீட்டில் நான்கு நாள் காத்துக் கிடந்தான். ஒரு விளக்கு வைக்கவில்லை. காலை பத்தரைக்குக் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயில், தறிக்குழியில் இருப்பவளின் ஒரு கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சிவப்பு நூலில் போய் விழும். மறுகன்னம் இருட்டில் கிடக்கட்டும், கண் மட்டும் தெரிந்தால் போதும் என்பது அவன் பிடிவாதம். படம் கழுவிய சென்னை லேபில் பார்த்தபோது அந்தக் கண் தெரிந்தது. உக்கடத்திலிருந்து கிளம்பிப் போய், எட்டு வருஷம் உதவியாளனாக ரிஃப்ளெக்டர் சுமந்து கற்றதெல்லாம் அந்த ஒரு கண்ணில்தான் இருந்தது.

பக்கத்தில் இருந்த ரங்கராஜ் சத்தமே போடவில்லை. படத்துக்குப் பணம் போட்டவரும் அவர்தான், தியேட்டரும் அவருடையது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. சனங்களுக்கு மொகம் தெரியோணுமுங்க. அடுத்த படத்துக்கு வேற கேமராமேனச் சொல்லிப்போட்டேனுங்க."

அந்த அடுத்த படத்தை நம்பித்தான் இல்யாஸ் சென்னையில் வந்த இரண்டு படங்களை வேண்டாமென்று விட்டிருந்தான். கைநீட்டி அடித்திருந்தால் சண்டையாவது போடலாம். சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டுக் கழுத்தை அறுக்கிற மனிதரை என்ன செய்வது? எழுந்து விறுவிறுவென்று மாடிப்படி ஏறினான்.

ஆபரேட்டர் ராசப்பன் புரொஜெக்டருக்குள் எரிந்து திரைக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுவரில் கரண்ட் மீட்டரின் முள் முப்பது ஆம்பியரில் படுத்துக் கிடந்தது.

"ஏனுங்க, இது எத்தனைல ஓடோணும்?"

"நாப்பத்தஞ்சுலீங்க. முப்பதத் தாண்டுனா குச்சி சீக்கிரம் தீந்துபோகுதுன்னு மொதலாளிதானுங்க கொறைக்கச் சொன்னாரு. பத்து வருசமா இப்படித்தானுங்க."

இல்யாஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருட்டாக்கியவரே இருட்டு என்று அவனை அனுப்புகிறார். மீட்டருக்குக் கீழே இருந்த குமிழைப் பிடித்துத் திருகினான். முள் நாற்பத்தைந்தில் போய் நின்றது. சின்ன ஜன்னல் வழியே பார்த்தான். கன்னம் வந்தது. சிவப்பு நூல் வந்தது. கடைசியில் அந்தக் கண்ணும் வந்தது. கீழே கூச்சல் அடங்கிப்போய், "பாவம், புள்ள அழுவறா பாரு" என்று ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது.

மூச்சு வாங்க ஏறி வந்த ரங்கராஜும் ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றார். பிறகு, "ராசப்பா, கொறைச்சுப்போடு. மத்த படமெல்லாம் முப்பதுலயே நல்லாத்தான தெரியுது."

ராசப்பன் கை நீட்டினார். இல்யாஸ் குமிழை விடவில்லை.

"அடுத்த படத்துக்கு யார வேணும்னாலும் வெச்சுக்குங்ணா. இது என்னோட படம். இந்த ரீல் முடியற வரைக்கும் கையெடுக்க மாட்டேன்."

"குச்சி தீந்துபோகுமுங்க தம்பி," என்றார் ரங்கராஜ், அப்போதும் அதே மரியாதையோடு.

"தீரட்டுமுங்க," என்றான் இல்யாஸ்.