பத்து மடங்கு கிட்டத்தில்

மாப்பிள்ளையாக வரக்கூடிய ஒருவனை அவனுக்குத் தெரியாமல் படம் பிடிப்பதற்காகத்தான் கணேசலிங்கம் அந்தக் கமெராவை வாங்கினார். சட்டைப்பைக்குள் அடங்கும், ஆனால் பத்து மடங்கு சூம் செய்யும். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா சிவனேஸ்வரியின் கட்டளை அப்படி. "ஸ்ரூடியோப் படத்தை நம்பேலாது தம்பி. உங்க லண்டன் கோயில் தேருக்கு மாப்பிள்ளை வருவாராம். தூர நிண்டு எடுத்தனுப்பு." சம்பந்தம் பேசுமுன் கோயிலில் ஒளித்து நின்று ஆளைப் பார்ப்பது நம் சனத்துக்குப் புதிதல்ல, கருவி மட்டும்தான் புதிது.

அக்காவின் மகள் துஷ்யாவின் படத்தைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே இரண்டு பகுதியார் வேண்டாமென்றிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அக்கா உடைந்துவிடுவாள் என்று கணேசலிங்கத்துக்குப் பயம்.

வைகாசியில் ஊரில் யுத்தம் அத்தனை உயிர்களைக் கொண்டுபோய் முடிந்ததற்குப் பிறகு, 2009இல் லண்டனில் யாருக்கும் தேர் பார்க்கும் மனமில்லை. ஆனாலும் சனம் வந்திருந்தது. அழுவதற்கும் ஓர் இடம் வேண்டுமே.

கிட்டப் போனால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று, எதிர்ப்பக்கத்துப் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டார். மேற்சட்டையில்லாமல் வடம் பிடித்த கூட்டத்தில், அக்கா அனுப்பிய ஸ்ரூடியோப் படத்தை நினைவில் வைத்து மாப்பிள்ளை றமணனைக் கண்டுபிடித்து, சூமை இழுத்தார். அதிசயம்தான், வீதிக்கு அப்பால் நின்றவனின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரமில்லை. திரையில் வெயில் பட்டால் ஒன்றுமே தெரியாது. இழுக்க இழுக்கக் கைநடுக்கமும் பத்து மடங்கானது. பட்டனை அழுத்தினால் அது சாவகாசமாக யோசித்துத்தான் எடுக்கும். அதற்குள் மாப்பிள்ளை போய், யாருடையதோ அர்ச்சனைத் தட்டு வந்து நிற்கும். பத்துக்கு மேலும் இழுத்துப் பார்த்தார். முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. விற்றவன் இதையெல்லாம் சொல்லவில்லையே என்று பல்லைக் கடித்தார்.

திடீரென்று ஆளையே காணவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரைக்குள் தேடினார்.

"அண்ணை, ஆரைத் தேடுறியள்?"

திரும்பினால் பக்கத்தில் றமணன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது கணேசலிங்கத்துக்கு.

"துஷ்யாவின்ர மாமாதானே? ஹவுன்ஸ்லோவில ஒரு மாமா இருக்கிறார் எண்டு சொன்னவை. கமெரா என்னையே சுத்தினதைக் கண்டனான்."

கோபிப்பான் என்று பார்த்தால், கமெராவை வாங்கிப் படங்களைத் தட்டிப் பார்த்தான். "காது மட்டும் வடிவா வந்திருக்கு" என்று சிரித்தான். பிறகு முகம் மாறியது.

"என்ர அக்காவும் ரொறன்ரோவிலதான். போன கிழமை கடைக்குள்ள ஒளிச்சு நிண்டு துஷ்யாவை இப்பிடித்தான் எடுத்தனுப்பினவ. எனக்கு வெக்கமாப் போச்சு அண்ணை. ஒண்டு கேக்கிறன். இந்தக் கலியாணத்தில அவவுக்கு விருப்பமோ?"

ஓம் என்று சொல்லத்தான் கணேசலிங்கம் வாயைத் திறந்தார். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்களே. இது ஒரேயொரு பொய். ஆனால் தங்கள் பக்கத்தில் ஒருவரும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. மனம் கூசிப்போனது.

"பொறும் தம்பி, கேட்டுச் சொல்லுறன்."

றமணன் மரியாதைக்கு விலகி நின்றான். கணேசலிங்கம் அக்காவுக்கு எடுக்காமல் நேரே துஷ்யாவின் போனுக்கு எடுத்தார்.

"பிள்ளை, மாமா கதைக்கிறன். இந்தப் பெடியனில உனக்கு விருப்பமோ? இல்லையெண்டாலும் பயப்பிடாமச் சொல்லு. அம்மாவை நான் சமாளிக்கிறன்."

மறுபக்கத்தில் அவள் அழுவது கேட்டது.

"மாமா, எல்லாரும் என்ர படத்தைத்தான் பாக்கினம். என்னட்ட ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "தெரியாத ஆளில விருப்பமோ எண்டால் நான் என்னெண்டு சொல்லுறது? அவரோட ஒருக்காக் கதைக்கட்டே?"

அக்காவைக் கேளாமல் இதைச் செய்தால் ரொறன்ரோவில் பிரளயம்தான். அது தெரிந்துகொண்டே, கணேசலிங்கம் போனை றமணனிடம் நீட்டினார்.

"நீங்களே கதையுங்கோ" என்றார். பிறகு வீதியைக் கடந்து, அவர்கள் கதைப்பது கேட்காத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டார்.