மேசையாகக் கிடந்த கதவு

கோதுமை ரவையில் வேகவைத்த மீன் குஸ்குஸைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது எம்னா என் பின்னால் வந்து நின்றாள். அடுக்களைக்கு வெளியே எல்லோரும் கூடத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"ரவ்தாக்கா, எல்லாரும் சாப்பிட உக்காருவாங்கல்ல, அப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் கரி எம்னா ஆரம்பிச்சதுன்னு. கேஸு கீஸு ஒண்ணும் போட மாட்டேன். அந்த ஒரு வார்த்தை போதும்."

நான் மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். மீனை அடுக்குவதில் அத்தனை கவனம் தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த வீட்டை நான் தொடங்கியபோது எங்கள் துறைமுக நகரமான ஸ்ஃபாக்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கே வியாபாரம் தெரியும், அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வீடா என்றார்கள். வியாபாரம் தெரியும்தான். ஆனால் அண்ணன் கடையில் என்ன விலை என்று தம்பிக்குத் தெரியாத ஊர் இது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் வாய்திறந்து பேசும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். பயிற்சிகளுக்குப் போனேன். வட்டமாக உட்காரவைத்து, பந்தை வீசிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அதையே இங்கே செய்தபோது பந்தைப் பிடித்தவர்கள் பெயரைச் சொன்னார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் தேடியதைத் துறைமுகத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த பாதாம் கிடங்கு ஒன்றில்தான் கண்டேன். துர்சாஃப் என்றொருத்தியும் அவள் கூட்டாளிகளும் அங்கே குடியேறியிருந்தார்கள். பொம்மை செய்கிறவர்கள், தண்ணீர்க் குழாயில் வாத்தியம் செய்கிறவர்கள், ஒன்றுமே செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். ஊர் அவர்களைக் கிறுக்குக் கூட்டம் என்றது. கிடங்கின் நடுவில், இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல், கழற்றிய பழைய கதவு ஒன்று மேசையாகக் கிடந்தது. தன்னால் முடிக்க முடியாததை யாரும் அதன்மேல் வைத்துவிடலாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம், முடித்தவருக்கே அது சொந்தம். ஒருநாள் அதில் பாதிச் செதுக்கிய ஒரு முகம் கிடந்தது. அடுத்தமுறை போனபோது அது விளக்காகி உத்தரத்தில் தொங்கியது. அதைச் செதுக்கியவன் கீழே படுத்து, அதன் வெளிச்சத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நான் தேடிய எந்த வருத்தமும் இல்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்குள் ஏதோ பொறாமைபோல ஒன்று எரிந்தது.

கிடங்கைக் காலிசெய்யச் சொன்னபோது அந்தக் கதவைத் துர்சாஃப் எனக்குக் கொடுத்துவிட்டாள். கதவோடு சேர்த்து வழக்கத்தையும் கொண்டுவந்தேன். வியாழன்தோறும் மதியச் சாப்பாடு. சாப்பிடுமுன், யாருக்கு எது ஓடவில்லையோ அதைக் கதவின்மேல் வைக்க வேண்டும். முதலில் யாரும் அசையவில்லை. முதல் ஆளாக எழுந்தவள் எம்னா. மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு, எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் ஆலிவ் சக்கையில் அடுப்புக்கரி செய்துகொண்டிருந்தாள். புகையும் இல்லை, வாடையும் இல்லை. ஆனால் கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும். உதிர்ந்த கரியைக் கதவின்மேல் வைத்துவிட்டு, அழுவதுபோலச் சிரித்தாள். அன்றுதான் இந்த வீட்டில் பேச்சு தொடங்கியது.

இங்கே வருகிற இன்னொருவன், வஜ்தி, அந்தக் கரியை எடுத்துப்போனான். பேரீச்சம்பழப் பாகு காய்ச்சிய பிறகு அடியில் தங்கும் கசடைக் கலந்தான். கரி கல்லைப்போல நின்றது. அந்தத் தயாரிப்பைத் தன் பெயரில் பதிவும் செய்துவிட்டான். கடற்கரை ஓட்டல்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. நான் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் மிரண்டுபோனான்.

"நீங்கதானக்கா சொன்னீங்க, கேக்க வேண்டாம், முடிச்சவனுக்கே சொந்தம்னு. எல்லார் முன்னாடியும்தானே எடுத்தேன். எம்னாவும்தான் பாத்துக்கிட்டிருந்தா."

அவன் கண்ணில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நேற்றுத் துர்சாஃபிடம் போனேன். டயர் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், பழைய ட்யூபை வெட்டிப் பொம்மைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எங்க குப்பையைக் கொண்டுபோய் உன் கூடத்துல வெச்சே. இப்பக் கறை படிஞ்சிடுச்சுன்னு எங்கிட்டயே வர்றியாக்கும்."

"உங்க எடத்துல யாருமே சண்டை போட்டதில்லையாடி?"

"எதுக்குப் போடணும்? நாங்க வெச்சதை ஒரு நாய்கூட விலைக்குக் கேக்காது." நாக்கை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "இப்படிப் பாக்காத. என்ன செய்யணும்னு எனக்கும் தெரியாது. டீ குடிக்கிறியா?"

நான் குடித்தேன்.

"அக்கா," என்றாள் எம்னா மறுபடியும், அடுக்களையில் என் பின்னாலிருந்து.

சொல்லிவிடலாம். சொன்னால் வஜ்தி திருடனாவான். நான் சொன்ன ஒன்றை நம்பியதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. சொல்லாவிட்டால், முதல் ஆளாக நம்பியவள் ஏமாளியாவாள். இரவெல்லாம் ஒரு வாக்கியம் தேடிப் பார்த்தேன். இருவரையும் காப்பாற்றுகிற வாக்கியம் எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. அதைவிட மோசமான ஒன்றும் மனதில் ஓடியது: எம்னா போனாலும் வீடு நிற்கும், வழக்கம் போனால் நிற்காது. இப்படிக் கணக்குப் போடுகிற என்னைப் பார்த்து எனக்கே கூசியது.

"சாப்பிட்டப்புறம் பேசலாமே," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தன் மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் கூடத்துக்கு வந்தேன். மேசைக் கதவின்மேல் ஒன்றும் இல்லை. போன வாரம் வைத்ததையெல்லாம் அவரவர் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் ஒரு கரித்துண்டு இருந்தது. வஜ்தி வைத்தது. கடல்காற்றின் ஈரம் பட்டால் வெடிக்கிறது, ஏன் என்று புரியவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மேசையை இன்னும் நம்புகிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலை நோக்கி நடந்த எம்னா நின்றாள். பழக்கத்தில் கை நீண்டது. கரியை எடுத்து முகர்ந்தாள், நகத்தால் கீறினாள், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கணநேரம் அவள் முகம் தெளிந்தது. பழைய எம்னா. என்ன குறை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வஜ்தி பாதி எழுந்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

தாம்பாளம் கையில் கனத்தது. நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கரியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு துணியை நனைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெள்ளைக் கதவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, அவள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. துணியிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.