தரையிலிருந்து நாற்காலி வரை

என் கணவர் ஜிப்ரி கராம்பு மரத்திலிருந்து விழுந்தபோது முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு எலும்புதான் நொறுங்கியது. ஆனால் அதற்குள்ளே ஓடும் நரம்புத் தண்டும் நசுங்கிவிட்டதால் இடுப்புக்குக் கீழே அசைவு போனது, உணர்ச்சியும் போனது. இடுப்புக்கு மேலே எல்லாம் பழையபடி வேலை செய்தன. கை, தோள், வாய். மூன்றிலும் அதிகம் வேலை செய்வது வாய்தான் என்று அவருடைய தங்கை மபாஸா சொல்லுவாள்.

மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் பல மாதங்கள் இருந்துவிட்டு ரத்தோட்டை வீதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அவர் சக்கர நாற்காலியோடு திரும்பி வந்த கையோடு, மபாஸாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை றம்ஸீனுக்கு ஊர் நாவுல. அங்கே தோட்டங்களில் மரக்கறி எடுத்து லொறியில் ஏற்றுகிறவர்.

எங்கள் நிக்காஹ் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளை விரித்த கம்பளத்தில் மாப்பிள்ளையும் பெண்ணின் வலீயும் எதிரெதிரே உட்காருவார்கள். வலீ என்பவர் பெண்ணின் பொறுப்பாளி. தகப்பன் இருந்தால் தகப்பன், இல்லாவிட்டால் அண்ணன். அவர் மாப்பிள்ளையின் வலக்கையைப் பிடித்து, இன்ன பெண்ணை உங்களுக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்துவிட்டது.

மாமனார் இறந்துவிட்டதால் மபாஸாவின் வலீ என் கணவர். சிக்கல் இங்கேதான் வந்தது.

"நாங்க எல்லாரும் கதிரையில இருந்துக்குவோம், நானா. அதுல என்ன?" என்றாள் மபாஸா. நானா என்றால் எங்களில் அண்ணன், கதிரை என்றால் நாற்காலி.

"கதிரையில இருந்து கையை நீட்டினா பஸ்ஸில டிக்கட் குடுக்கிற மாதிரி இருக்கும். வாப்பா ஸுலைஹா தாத்தாவைக் குடுத்தப்போ எப்படிக் கீழ இருந்து குடுத்தாரோ, அப்படித்தான் நானும் குடுப்பேன்" என்றார் ஜிப்ரி. தாத்தா என்பது எங்களில் அக்கா, ஸுலைஹா இவர்களுக்கு மூத்தவர்.

"அப்ப நாலு பேராத் தூக்கிக் கீழ வைக்கிறோம்" என்றார் மக்கீன் சாச்சா. மாமனாரின் தம்பி, பக்கத்து வீடு.

"நாலு பேரு தூக்கினா அதுக்குப் பேரு வேற, சாச்சா. அது ஒரு தடவைதான். இப்ப வேணாம்."

சிரிப்பு அடங்கியதும் அவர் தம் முடிவைச் சொன்னார். தம் கையாலேயே தரைக்கு இறங்கி, தம் கையாலேயே நாற்காலிக்கு ஏற முடிந்தால் அவர் வலீயாக உட்காருவார். முடியாவிட்டால் பொறுப்பை மக்கீன் சாச்சாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். மபாஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

இறங்குவது லேசு. பூமியின் ஈர்ப்பு நம் பக்கம். ஏறுவதுதான் கஷ்டம். அது நடக்கும் விதம் எனக்குப் பிடித்துப் போனதால் அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீசோப் பலகையின் ஒரு நுனி தாழ்ந்தால் மறு நுனி உயரும். நடுவிலே தாங்கும் கட்டை அசையாமல் இருக்க வேண்டும். கால் வேலை செய்யாத ஒருவர் இரண்டு கைகளையும் ஊன்றி முழங்கையை மடக்காமல் நிறுத்தினால், அவருடைய தோள்கள்தான் அந்தக் கட்டை. பலகையின் ஒரு நுனி தலை, மறு நுனி இடுப்பு. தலையை முன்னால் தாழ்த்தினால் இடுப்பு பின்னால் மேலே வரும். தலையை இடப்பக்கம் வீசினால் இடுப்பு வலப்பக்கம் போகும். நாம் போக வேண்டிய இடத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் தலை அந்தப் பக்கம் போகும், இடுப்பு வராது. பழக மிகவும் கஷ்டமான பாகம் அதுதான்.

தரையிலிருந்து நாற்காலியின் உயரத்தை ஒரேயடியாக ஏறுவது பெரும்பாடு. அதனால் நடுவிலே ஒரு குட்டி ஸ்டூலைப் படியாக வைக்கச் சொன்னார் பிரசாந்தினி மிஸ். மாத்தளையில் கிளினிக்குக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட், சொந்த ஊர் யாழ்ப்பாணம். தரையிலிருந்து ஸ்டூலுக்கு, ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு. இரண்டையும் ஜிப்ரிக்குச் செய்து காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்களுக்கும் ஒரு பயிற்சி இருக்கு. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ."

"விழுந்துட்டா?"

"மெத்தையிலதானே விழுவார். விழட்டும். தலை அடிபடாமல் மட்டும் பாருங்கோ. நீங்கள் தூக்கினால் உங்கட கை பழகும், அவற்ர கை பழகாது."

ஜிப்ரியின் பயிற்சியைவிட என்னுடையது கஷ்டமாக இருந்தது. பின்னேரங்களில் பாடசாலை விட்டு வந்து முன் அறையில் மெத்தையை விரிப்போம். அவர் கீழே இறங்குவார். கைகளை ஊன்றுவார், தலையைத் தாழ்த்துவார், இடுப்பு ஒரு சாண் எழும்பும், பிறகு மாவு மூட்டை சரிவதுபோல ஒரு பக்கமாகச் சரிவார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

"கட்டின கையை இப்படி நெரிச்சா உடைஞ்சு போயிடும், டீச்சர். வீட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்பார், மெத்தையில் கிடந்தபடி.

"பேச்சைக் குறைச்சு தலையைக் குனிங்க."

"குனிஞ்சிட்டுத்தானே இருக்கேன், கல்யாணம் முடிச்ச நாள்ள இருந்து."

உண்மையான இடைஞ்சல் விழுவதில் இல்லை. எங்கள் தெரு ஆட்களிடம் இருந்தது. யாருக்காவது தோள் கொடுக்க வேண்டும் என்றால் எங்கள் ஆட்கள் செருப்பைத் தேடக்கூட நிற்க மாட்டார்கள். அது நன்மை சேர்க்கும் காரியம், அதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கதவு திறந்திருந்தால் போகிற வருகிற யாராவது உள்ளே வந்து, தரையில் கிடக்கிறவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைத்து, சட்டையைச் சரிசெய்துவிட்டு, துஆச் செய்துவிட்டுப் போவார்கள். அவர் மறுபடி இறங்க வேண்டும்.

இதில் முதலாம் இடம் மக்கீன் சாச்சாவுக்கு. ஒருநாள் ஜிப்ரி முதல் தடவையாக ஸ்டூலில் பாதி ஏறிவிட்டார். ஒரு பக்க இடுப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அழுத்தம் போதும். அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது, "அல்லாஹ்வே" என்று ஒரு சத்தம் கேட்டது, மறு நிமிடம் சாச்சாவின் கையால் ஜிப்ரி நாற்காலியில் இருந்தார்.

சட்டையைச் சரிசெய்ய வந்த சாச்சாவின் கையை ஜிப்ரி விலக்கினார். 

"சாச்சா, கோபிச்சுக்காம கொஞ்சம் கீழ இருங்க" என்றேன் நான்.

"ஏன்?"

"ஒரு பாடம்."

அவர் மெத்தையில் உட்கார்ந்தார். நான் ஒரு துவாயை எடுத்து அவருடைய இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டினேன். கால் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறச் சொன்னேன்.

"இதென்ன பெரிய வேலை" என்று சாச்சா கைகளை ஊன்றினார். ஸ்டூலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எம்பினார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்ததுதான் மிச்சம். மறுபடி எம்பினார். குதிகாலைத் தரையில் ஊன்றியபோது, "கால் களவு, கால் களவு" என்று ஜிப்ரி நாற்காலியிலிருந்து கத்தினார்.

"களவு இல்ல, அது தானா ஊன்றுது."

"எனக்குத் தானா ஊன்றாது, சாச்சா. ஸ்டூலைப் பார்க்காதீங்க. மூக்கு முட்டுக்காலுக்கு வரணும். இன்னும். இப்ப அமத்துங்க."

சாச்சா ஏறவில்லை. ஆனால் இடுப்பு ஒரு விரல் அளவு எழும்பியது. எழும்பியதை அவரே உணர்ந்து வாயைப் பிளந்தார். குசினியிலிருந்து மபாஸா எட்டிப் பார்த்து, சாரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த சாச்சாவைக் கண்டதும் சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். அன்றிலிருந்து பின்னேரங்களில் சாச்சா எங்கள் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தோள் கொடுக்க வந்தவர்களையெல்லாம், "உள்ள பாடம் நடக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சரிவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஸ்டூல் வசப்பட்டது. பிறகு நாற்காலியும். நிக்காஹுக்கு முந்திய வாரம் ஜிப்ரி இறங்கி ஏறுவதைப் பார்த்துவிட்டு மபாஸா அவருக்கு ஒரு பெரிய கிளாஸில் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் இருந்துவிட்டேன். பள்ளிவாசல் மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். நடுவில் மரச் சட்டங்களால் பின்னிய தடுப்பு. நிக்காஹ் நாளில் நான் இருந்தது தடுப்புக்கு இந்தப் பக்கம், மபாஸாவுக்குப் பக்கத்தில். ஒரு ஓட்டை வழியாக எல்லாம் தெரிந்தது. கையைக் கட்டத் தேவையே இல்லை. நீட்டினாலும் எட்டாது.

நாற்காலியின் சில்லுகளை, சக்கரங்களைத்தான், துடைத்து அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். சாச்சா ஸ்டூலையும் மெத்தென்ற திண்டையும் சுமந்து வந்தார். உணர்ச்சி இல்லாத இடத்தில் தோல் புண்ணானாலும் தெரியாது, அதனால் எங்கே உட்கார்ந்தாலும் திண்டு வேண்டும். ஜிப்ரி ஸ்டூலுக்கு இறங்கி, ஸ்டூலிலிருந்து திண்டுக்கு இறங்கினார். நாலைந்து பேர் எழும்பினார்கள். சாச்சா உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். இருந்துவிட்டார்கள். ஜிப்ரி றம்ஸீனின் கையைப் பிடித்து, மபாஸாவின் பெயரைச் சொல்லி மணமுடித்துக் கொடுத்தார். றம்ஸீன் ஏற்றுக்கொண்டார். இந்தப் பக்கம் மபாஸா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் மோதிரம் விரலை வெட்டியது.

பிறகு எல்லாரும் மாப்பிள்ளையைத் தழுவ எழுந்தார்கள். ஜிப்ரி ஸ்டூலுக்கு ஏறினார். நன்றாகவே ஏறினார். அன்பு மிகுந்த புது மாப்பிள்ளை, மச்சானுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டுவந்து ஸ்டூலின் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, பிரேக்கையும் போட்டுவிட்டார்.

பிழை எங்கே என்று எனக்கு உடனே தெரிந்தது. நாற்காலியின் முன் சில்லுகள் சின்னவை, நாலா பக்கமும் சுழல்கிறவை. நாற்காலியை முன்னுக்குத் தள்ளினால் அவை பின்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் திரும்பினால் ஆசனத்தின் முன் விளிம்புக்குக் கீழே தாங்க ஒன்றும் இருக்காது. அந்த விளிம்பில் ஒருவர் பாரத்தைப் போட்டால் நாற்காலி முன்னால் குப்புறக் கவிழப் பார்க்கும். பின் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பிய பிறகு பிரேக்கால் ஒரு பயனும் இல்லை.

அவர் விளிம்பில் கையை ஊன்றித் தலையை வீசினார். நாற்காலி முன்னால் சாய்ந்தது. அவர் மறுபடி ஸ்டூலில் பொத்தென்று விழுந்தார்.  தோள் கொடுக்கிற ஆட்கள் எல்லாரும் அவரை நோக்கி வந்துவிட்டார்கள், சாச்சாவும்கூட.

நான் தடுப்பின் வாசலுக்கு ஓர் அடி எடுத்து வைத்தேன். மபாஸா என் கையை விடவில்லை.

"மதினி, இருங்க. நானா பார்க்கிறாரு."

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் பக்கம் அல்ல, நாற்காலியின் அடியில். வியர்வை வழிந்தது. பிறகு, கடையில் சாமான் கேட்கும் குரலில் சொன்னார்:

"மச்சான், அந்த பிரேக்கை எடுத்துட்டு கதிரையைப் பின்னுக்கு இழுங்க."

"பின்னுக்கா? தூரமாயிடுமே, மச்சான்."

"முதல்ல என்னைத் தாண்டி இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்க. ஆ. இப்ப பின்னுக்கு. மெதுவா. சின்னச் சில்லைப் பாருங்க, தலையைத் திருப்புதா?"

றம்ஸீன் பட்டுச் சட்டையோடு குனிந்து பார்த்தார். "திருப்புது, மச்சான். முன்னுக்கு வந்திருச்சு."

"அதுதான் அதோட கால். இப்ப பிரேக். இனித் தள்ளி நில்லுங்க, எல்லாரும்தான்."

கை ஊன்றியது. தலை போனது, இடுப்பு வந்தது. நாற்காலி அசையவில்லை. அவர் ஆசனத்தில் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கால்மிதித் தட்டில் வைத்தார். றம்ஸீன் குனிந்து அவரைத் தழுவினார். இந்தப் பக்கம் யாரோ அழுதார்கள், நானாகவும் இருக்கலாம்.

அதோடு சாப்பாடு வந்தது. எங்கள் கல்யாணச் சாப்பாடு சஹனில். பெரிய தட்டம் ஒன்று, அதைச் சுற்றித் தரையில் ஆறு பேர். ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் சஹனில் ஐந்து பேர் கை கழுவி இருந்துவிட்டார்கள். ஜிப்ரி நாற்காலியில் இருந்து கீழே பார்த்தார். வெகு தூரத்தில் சோறு.

"இதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டு ஏறினேன்?"

"நான் கை கழுவிட்டேன். என்னைத் தூக்கச் சொல்லிடாத" என்றார் சாச்சா.

"உங்களை யாரு கேட்டா? கொஞ்சம் நகருங்க."

சாச்சா நகர்ந்தார். ஜிப்ரி பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கினார். இந்தத் தடவை ஒருவரும் எழும்பவில்லை. யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. ஐந்து பேரின் கண்ணும் பொரித்த கோழியில் இருந்தது. நானும் ஓட்டையை விட்டு விலகி என் சஹனுக்குப் போனேன்.